மே மாதத்தில் பூக்களின் பள்ளத்தாக்கா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: மகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. 'வசந்தகால மலர் ட்ரெக்' என்று மே 22-இல் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். பாதிப் பணத்தை இந்த வாரமே கட்ட வேண்டுமாம். 63 வயது அம்மாவுக்கு முழங்கால் வலி. "குதிரையிலேயே பூக்களுக்கு நடுவே போய் இறங்கலாம்" என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மே 22 அன்று அந்தப் பள்ளத்தாக்கு பூட்டியிருக்கும். சாமோலி மாவட்டத்தில் இருக்கும் இந்தத் தேசியப் பூங்கா ஜூன் 1-இல் திறந்து அக்டோபர் 31-இல் மூடுகிறது. வசந்தம் என்றதும் நமக்கு ஏப்ரல், மே நினைவுக்கு வருகிறது. 3,200 மீட்டருக்கு மேலே மே மாதம் என்பது பனி உருகும் காலம். ஜூனில் போனாலும் பாதையில் பனிக்கட்டியைத் தாண்ட வேண்டியிருக்கும். அதன் ஓரங்களில் முதல் பூக்கள் அப்போதுதான் தலை காட்டும். நீங்கள் படத்தில் பார்க்கிற பூக்கம்பளம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை.

அப்படியானால் ஏஜென்ட் எந்தத் தைரியத்தில் மே 22 என்கிறார்? இது பழைய வித்தை. பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் ஊர் காங்கரியா. ஹேம்குண்ட் சாகிப் என்ற சீக்கியர்களின் குருத்வாராவுக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் தங்குமிடம். குருத்வாரா பெரும்பாலும் மே கடைசியிலேயே திறந்துவிடும். காங்கரியாவில் கடையும் விடுதியும் களைகட்டிவிடும். உங்களை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, "இந்த வருஷம் பனி அதிகம் சார், கேட் திறக்கவில்லை" என்பார்கள். எந்த வருஷமும் அந்தத் தேதியில் திறப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாதே! பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'இயற்கைக் காரணங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று ரசீதின் அடியில் இருக்கும் வரியைக் காட்டுவார்கள்.

'பள்ளத்தாக்குக்குள் கூடாரத்தில் ஓர் இரவு' என்று எழுதியிருந்தால் அதுவும் பொய். உள்ளே யாரும் இரவு தங்க முடியாது. காலையில் போய் மாலை 5 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். நுழைவுச் சீட்டுக்குச் சில நூறு ரூபாய்தான். அதற்கு 'பர்மிட் செலவு' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். ஹேம்குண்டுக்கும் போவதானால் யாத்திரைப் பதிவு தேவை. அரசு இணையதளத்தில் அது இலவசம். அதற்கும் கமிஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பூங்கா திறக்கும் தேதி அரசுக்குத் தெரியும், விளம்பரம் ஊரெல்லாம் தெரிகிறது. பூட்டிய இடத்துக்கு டிக்கெட் விற்கிறவரை ஏன் என்று கேட்கத்தான் ஆளில்லை. ஏமாந்த பிறகு புகார் எண் தருவார்கள்.

அம்மா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இதில்தான். காங்கரியா போகும் வழியில் கோவிந்த்காட் என்ற ஊரிலிருந்து புல்னா கிராமம் வரை வண்டி போகும். புல்னாவிலிருந்து காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். அதற்குக் கோவேறு கழுதை கிடைக்கும். காங்கரியாவிலிருந்து ஹேம்குண்டுக்கும் கிடைக்கும். ஆனால் பள்ளத்தாக்குக்குள் குதிரையும் கிடையாது, கழுதையும் கிடையாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் விடமாட்டார்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று, கண்டி. முதுகில் கட்டிய கூடையில் ஆளை உட்கார வைத்துச் சுமந்து போவார்கள். கண்டி உள்ளே போகலாம். கூலியை ஏஜென்ட் மூலம் பேசாதீர்கள். காங்கரியாவில் சுமப்பவரிடமே போக, வர இரண்டுக்கும் சேர்த்துப் பேசுங்கள். மழையில் கல் வழுக்கும், கூடையில் மூன்று நான்கு மணி நேரம் மடங்கி உட்கார்வதும் முழங்காலுக்குச் சுகமில்லை. 3,000 மீட்டர் உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கே கூடையில் ஏறக் கூச்சம் இருக்கலாம். முதலில் அவரைக் கேளுங்கள்.

சரி, பள்ளி விடுமுறையை என்ன செய்வது? தேர்வு சீக்கிரம் முடிந்தால் ஏப்ரலில் அதே உத்தராகண்டில் சோப்தாவுக்குப் போங்கள். அங்கேதான் உண்மையான வசந்தம். புரான்ஸ் மரங்கள் மலைச்சரிவெல்லாம் சிவப்பாகப் பூத்து நிற்கும்; மேலே போகப் போக வெளிர் ரோஜா நிறமாகும். (இதன் உறவுக்கார மரம் நம் நீலகிரியிலேயே இருக்கிறது.) அங்கிருந்து துங்கநாத் கோவிலுக்குச் சுமார் 4 கிலோமீட்டர் கல் பாவிய ஏற்றப் பாதை. கோவில் 3,680 மீட்டரில் இருக்கிறது. ஏப்ரலில் மேலே பனி கிடக்கலாம், நடை திறக்காமலும் இருக்கலாம். பூக்கள் எப்படியும் கீழே மரங்களில்தான். அம்மா சோப்தாவிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

பள்ளத்தாக்குதான் வேண்டும் என்றால் மகளுக்கு ஜூலை கடைசியில் ஒரு வாரம் லீவு போடுங்கள். அது மழைக்காலம், அங்கே போகிற பத்ரிநாத் சாலையில் மண்சரிவு சகஜம். திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளியே எடுங்கள்.

ஏஜென்டுக்கு இன்றே வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "மே 22 அன்று பூங்கா திறந்திருக்குமா? இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?" எழுத்தில் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். போனில் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னால் அது பதிலில்லை. ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் அந்த விளம்பரத்தை அழிப்பதற்குள் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.