பதில்: புது லோகோ டி-ஷர்ட்டை ஊழியர்கள் யாரும் போடுவதில்லை

வணக்கம். 180 பேர் உள்ள பம்ப்செட் கம்பெனி. புது லோகோ, '24 மணி நேரத்தில் சர்வீஸ்' என்ற வாசகம், ஆளுக்கு இரண்டு டி-ஷர்ட். ஆனாலும் சர்வீஸ் ஆட்களே வாசகத்தைக் கேலி செய்கிறார்கள் என்கிறீர்கள்.

டி-ஷர்ட் பாதிக் காரணம்தான். ஊழியர்கள் அந்த வாசகத்தை முதலில் பார்த்ததே பேருந்து விளம்பரத்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் போனில் சண்டை பிடிப்பதோ அவர்களிடம். ஸ்டோரில் மெக்கானிக்கல் சீல் (தண்ணீர் கசியாமல் தடுப்பது), பேரிங், கெபாசிட்டர் போன்ற உதிரிபாகங்கள் இருப்பில்லாமல் எந்த மெக்கானிக்கும் மறுநாளே மோட்டாரை ஓட்டிக் காட்ட முடியாது. எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டுவதென்றால், அதன் மேல் பூசும் வார்னிஷ் காய்வதற்கே நேரம் போய்விடும்.

விளம்பரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கடந்த 3 மாதப் புகார்ப் பதிவை எடுத்து, எந்தப் பழுது எத்தனை மணி நேரத்தில் முடிந்தது என்று பிரியுங்கள். வாசகத்தை '24 மணி நேரத்தில் ஆள் வருவார்' என்று மாற்றினால் அந்த வாக்கை அநேகமாகக் காப்பாற்றலாம். அதை முதலில் சூப்பர்வைசர்களிடமும், பிறகு 15 பேர் கொண்ட குழுக்களாக மற்றவர்களிடமும், விளம்பரம் வெளிவர 2 வாரம் முன்பே பேசுங்கள். மேடை போட்டுக் கூட்டினால் 'இது நடக்காது சார்' என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இனி டி-ஷர்ட். முதுகு முழுக்க ரப்பர் பிரின்ட் போட்டால் புழுக்கம் தாங்காது. வெல்டிங் பகுதிக்குப் பாலியெஸ்டர் கொடுக்கவே கூடாது. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அவர்களுக்குப் பருத்தி முழுக்கைச் சட்டை. மற்றவர்களுக்கு 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) காலர் டி-ஷர்ட், இடது மார்பில் 8 செ.மீ. எம்பிராய்டரி போதும். ஆளாளுக்கு அளவு கேட்டபிறகே ஆர்டர். பெண்களுக்கு டி-ஷர்ட்டா, சுடிதார் மேல் போடும் கோட்டா என்பதை அவர்களே சொல்லட்டும்.