பெட்டிக்குள் பெட்டி பிதுங்குகிறதா? சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) கேள்வி பதில்

கேள்வி: இடது மெனு, வலது உள்ளடக்கம், இரண்டும் ஃப்ளெக்ஸில் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை). நீளமான கோட் வரி வந்தால் பக்கமே பக்கவாட்டில் ஓடுகிறது. வரியை உடைக்காமல் காட்டும் ப்ரீ டேகுக்கு, பிதுங்கினால் ஸ்க்ரோல் தரும் ஓவர்ஃப்ளோ: ஆட்டோ கொடுத்தும் பயனில்லை.

பதில்: கோளாறு ப்ரீயில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. ஃப்ளெக்ஸ் ஐட்டத்தின் (ஃப்ளெக்ஸுக்கு நேர் உள்ளே இருக்கும் பெட்டி) மின்-விட்த் (min-width, குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ஆட்டோ. உள்ளே உடைக்க முடியாத வரி 900 பிக்சல் என்றால், இருக்கும் இடம் 600 ஆனாலும் ஐட்டம் 900க்குக் கீழே குறுகாது. ப்ரீக்குத் தேவையான அகலம் கிடைத்துவிடுவதால் அதில் ஸ்க்ரோல் வர வழியே இல்லை. வலது ஐட்டத்துக்கு மின்-விட்த்: 0 கொடுங்கள். அதற்குள் இன்னொரு ஃப்ளெக்ஸ் இருந்தால் அதன் ஐட்டத்துக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். வெளியே போட்டது உள்ளே இறங்காது. கிரிட் (கட்டங்களாக அடுக்கும் முறை) என்றால், மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு தரும் 1எஃப்ஆருக்குப் பதில், குறைந்தபட்சத்தை 0 ஆக்கும் மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்).

கேள்வி: காலம் (column, மேலிருந்து கீழாக அடுக்கும்) ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் பட்டியல் ஸ்க்ரோல் ஆகவில்லை.

பதில்: அதே கதை, உயரத்தில். மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்): 0. கூடவே வெளிப்பெட்டிக்குத் திட்டமான உயரம் வேண்டும்.

கேள்வி: வெளி டிவ்வுக்கு (வெளிப்பெட்டி), பக்கவாட்டில் பிதுங்குவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் போட்டேன், சரியாகிவிட்டது.

பதில்: சரியாகவில்லை, மறைந்திருக்கிறது. எக்ஸை ஹிடன் ஆக்கினால், விசிபிளாக (மறைக்காமல்) இருந்த ஒய், அதாவது மேல்கீழ் ஓவர்ஃப்ளோ, தானாக ஆட்டோ ஆகிவிடும். அந்த டிவ் ஸ்க்ரோல் பெட்டியாகிவிடுவதால் உள்ளே இருக்கும் ஸ்டிக்கி ஹெடர் (ஸ்க்ரோல் செய்தாலும் மேலே ஒட்டி நிற்கும் தலைப்பு) பக்கத்தோடு ஒட்டாது.

கேள்வி: எங்களிடம் ஸ்டிக்கியே இல்லையே! எல்லாரும் செய்வதுதானே?

பதில்: டேப் கீயை அழுத்திப் பாருங்கள். வெட்டுப்பட்ட பகுதியில் ஒரு பட்டன் இருந்தால் ஃபோக்கஸ் (கீபோர்டின் தேர்வு) அங்கே போகும், உள்ளடக்கம் முழுவதும் இடதுபக்கம் நகர்ந்துவிடும், திரும்ப இழுக்க ஸ்க்ரோல்பாரும் இருக்காது. யாருக்கு இது நடக்கும்? கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவருக்கு. அதனால்தான் விடாமல் சொல்கிறேன்: முதலில் பிதுங்குவது எது என்று பிடியுங்கள். எல்லா எலிமென்டுக்கும் 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் கொடுத்தால் தெரிந்துவிடும். பார்டர் வேண்டாம், அது இடம் பிடித்து அளவையே மாற்றும்.

கேள்வி: அப்படியானால் ஓவர்ஃப்ளோ: கிளிப்?

பதில்: அதுவும் வெட்டும், ஆனால் ஸ்க்ரோல் பெட்டியை உருவாக்காது, ஸ்டிக்கியும் பிழைக்கும். பக்கவாட்டிலிருந்து நுழையும் அலங்காரப் படம் போல, தெரிந்தே வெளியே வைத்ததற்கு மட்டும் போடுங்கள்.

கேள்வி: விட்த்: 100விடபிள்யூ (100vw, திரை அகலம் முழுவதும்) போட்டால் மெல்லியதாக ஒரு ஸ்க்ரோல்.

பதில்: செங்குத்து ஸ்க்ரோல்பாரின் அகலமும் அதில் சேரும். 100% போதும்.

கேள்வி: மின்னஞ்சல் டெம்ப்ளேட்டில்?

பதில்: அது தனி உலகம், அதில் பழகியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஃப்ளெக்ஸுக்குள் நீளப் பெயருக்கு எலிப்சிஸ் (வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி) வரவில்லை.

பதில்: முதல் பதில். மின்-விட்த்: 0.

கேள்வி: கார்டுக்குள் கார்டு, உள்ளே நீண்ட யூஆர்எல். நீண்ட சொல்லை உடைக்கும் ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட் போட்டும் பிதுங்குகிறது.

பதில்: கார்டு ஃப்ளெக்ஸில்தானே? பிரேக்-வேர்டின் உடைப்பு குறைந்தபட்ச அகலக் கணக்கில் சேராது, ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர் சேர்க்கும். அதைப் போடுங்கள், இல்லையேல் மறுபடியும் முதல் பதில்.