அகிதாவின் பனிக்கோயிலில் புத்தாண்டு ஆட்டம்: மாமியாரையும் மகளையும் அழைத்துப் போகலாமா?

கேள்வி: நானும் கணவரும் யோகோஹாமாவில் இருக்கிறோம். டிசம்பரில் கோவையிலிருந்து என் மாமியார் வருகிறார். வயது 64, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். எட்டு வயது மகள் பரதநாட்டியம் கற்கிறாள். அகிதா பக்கம் ஒரு கோயிலில் ஜனவரி 2 அன்று, பனிக்கு நடுவே முகமூடி அணிந்து ஆடும் சடங்கு நடக்கிறது என்று கணவரின் அலுவலக நண்பர் சொன்னார். வெளிநாட்டவரை உள்ளே விடுவார்களா? டிக்கெட் எங்கே வாங்குவது? குளிரை அத்தை தாங்குவாரா? அக்டோபர் தொடக்கத்தில் கணவரின் பெரியப்பா தவறிவிட்டார். அதனால் கோயிலுக்குப் போகலாமா என்று அத்தைக்குத் தயக்கம்.

பதில்: நண்பர் சொன்னது டைனிச்சிடோ புகாக்கு. அகிதா மாகாணம், கஸுனோ நகரத்தைச் சேர்ந்த ஹச்சிமந்தாய் என்ற இடத்தில் இருக்கும் டைனிச்சிடோ கோயிலில் ஆண்டுதோறும் ஜனவரி 2 அன்று நடக்கிறது. தாராளமாகப் போகலாம். டிக்கெட் கிடையாது. எந்த நாடு, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அதிகாலையில் யோகோஹாமாவில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று நினைத்தால் மட்டும் நடக்காது. நீங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அங்கே நடப்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என்ன உடுத்துவது, எங்கே உட்காருவது, எப்போது எழுந்து வெளியே போவது என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். ஓசாதோ, அஸுகிசாவா, நாகமினே, தனியுச்சி என்று நான்கு ஊர்கள். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் சாமிக்கு ஆண்டுக்கு ஒருமுறை செலுத்தும் கடன் இது. கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்தபோது அரசவைக் கலைஞர்கள் வந்து ஆடினார்கள், அந்த ஆட்டம்தான் ஊராரிடம் தங்கிவிட்டது என்பது ஐதீகம். 718ஆம் ஆண்டு, கெம்மெய் பேரரசியின் மகளான கென்ஷோ பேரரசியின் ஆணைப்படி என்று ஊர்க்கதை ஆண்டையும் சேர்த்தே சொல்கிறது. நடுவில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆட்டம் நின்றுபோயிருந்தது. அவ்வளவு காலம் விட்டுப்போனதை மறுபடி எடுத்து, இன்றுவரை கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது இதைத்தான். என் மதிப்பில் அந்தப் பட்டியலை விடப் பெரிய விஷயம், விட்ட இடத்திலிருந்து ஊரார் மறுபடி தொடங்கினார்களே, அது.

ஆடுபவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. வயலும் வேலையும் உள்ள ஊர்க்காரர்கள். அவர்களை ‘நோஷு’ என்பார்கள். ஆட்டத்துக்கு முன்னால் இறைச்சியைத் தவிர்த்து, உடல் சுத்தம் காத்து விரதம் இருப்பார்கள். விரத நாட்கள் ஆளுக்கு ஆள், பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். இதை உங்கள் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள், மற்றவர்களை விட அவருக்கு வேகமாகப் புரியும். விரதம் இருந்து வந்தவர்கள் நடக்கும் வழியில் குறுக்கே போகக்கூடாது, மேடைப் பக்கம் கால் நீட்டி உட்காரக்கூடாது என்பதை அவருக்கு யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்காது.

மொத்தம் ஒன்பது ஆட்டங்கள். நான்கு ஊராரும் சேர்ந்து ஆடும் இரண்டு முதலில் வரும், பிறகு ஒவ்வோர் ஊருக்கும் உரியவை. ஓர் ஊரின் ஆட்டத்தை இன்னோர் ஊர் ஆடாது. விடியலில் தொடங்கி நண்பகல் வரை போகும். சிங்கத்தலை முகமூடி வரும் கொங்கென்-மாய், குதிரைத் தலை கட்டிக்கொண்டு ஆடும் கோமா-மாய், சாமி சிலையைச் செதுக்குவதைக் காட்டுவதாகச் சொல்லப்படும் கோஷோ-மாய் எல்லாம் இதில் உண்டு. உங்கள் மகளுக்காக ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: ஓசாதோ ஊரின் தோரி-மாய். சேவல், பெட்டை, குஞ்சு என்று மூன்று சிறுவர்கள் ஆடுவது. அவள் வயதுப் பிள்ளைகள் இத்தனை பேர் முன்னால், இந்தக் குளிரில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அடி எடுத்து வைப்பதை அவள் பார்க்க வேண்டும். மற்ற ஆட்டங்கள் மிக நிதானமானவை. ஒரே அசைவைத் திசை மாற்றித் திசை மாற்றிச் செய்வார்கள். அடவு தெரிந்த பிள்ளை என்பதால் ‘பாதத்தை மட்டும் பார், எந்தக் கால் முதலில் தரையைத் தொடுகிறது என்று எண்ணு’ என்று சொல்லி உட்கார வையுங்கள். ஒரு மணி நேரம் சலிக்காமல் இருப்பாள். அதற்கு மேல் எட்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே வெளியே அழைத்துப் போய்ப் பனியில் விளையாட விட்டு, மறுபடி கூட்டி வாருங்கள். ஆட்டம் நடக்கும்போது மட்டும் எழ வேண்டாம்.

இனி, போய்ச் சேரும் வழி. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். வரைபடத்தில் ஹச்சிமந்தாய் என்று தேடினால் பக்கத்து இவாதே மாகாணத்தில் அதே பெயரில் ஒரு நகரம் வரும், இரண்டு மாகாணத்துக்கும் பொதுவாகப் பரந்து கிடக்கும் மலைப்பகுதி வரும், பனிச்சறுக்குத் தலங்கள் வரும். விடுதியைத் தவறான பக்கத்தில் பதிவு செய்துவிட்டால் குளிர்காலத்தில் நடுவில் மலை நிற்கும். நீங்கள் தேட வேண்டியது அகிதா மாகாணம், கஸுனோ நகரம், ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் ஹனாவா பாதையில் இருக்கும் ஹச்சிமந்தாய் ரயில் நிலையம். கோயில் அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான்.

டோக்கியோவிலிருந்து மோரியோகா வரை ஹயபுசா புல்லட் ரயில், இரண்டேகால் மணி நேரம். அதில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது, புத்தாண்டு நெரிசல் வேறு. ஒரு மாதத்துக்கு முன், காலை பத்து மணிக்குப் பதிவு திறக்கும்போதே இடம் பிடித்துவிடுங்கள். மோரியோகாவில் ஹனாவா பாதை ரயிலுக்கு மாற வேண்டும், அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு நாளில் சில ரயில்களே ஓடும், பனி கொட்டினால் தாமதமாகும். அத்தை சுற்றுலாப் பயணி என்பதால் ஜே.ஆர். பாஸ் எடுத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மோரியோகாவிலிருந்து கோமா நிலையம் வரையான தண்டவாளம் ஐ.ஜி.ஆர். என்ற வேறு நிறுவனத்துடையது, பாஸ் அங்கே செல்லாது. அந்தத் தூரத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மற்றவர்களுக்கு மோரியோகாவிலேயே காகிதச் சீட்டு வாங்கிவிடுங்கள். சிறு நிலையங்களில் ஆளே இருக்க மாட்டார்கள்.

ஜனவரி 1 மாலையே போய் யுஸே ஒன்சென்னில் தங்குங்கள். கோயில் நிலையத்துக்கு முந்தைய நிலையம், வெந்நீர் ஊற்று ஊர். மறுநாள் விடியலில் கோயிலுக்குப் போக வண்டி கிடைக்குமா என்று விடுதியைப் பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புத்தாண்டன்று அந்த வட்டாரத்தில் டாக்சியை அப்போதைக்கு அழைத்துப் பிடிப்பது கஷ்டம். அந்த ஆண்டின் நேர அட்டவணையையும் விடுதிக்காரர்கள் விசாரித்துச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்து வந்து வெந்நீரில் இறங்கினால் அத்தையின் முழங்காலுக்கும் இதம்.

குளிரைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். கஸுனோவில் ஜனவரி விடியலில் மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். நடக்கும்போது அது தெரியாது. அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால், முதலில் போவது பாதம். மண்டபத்தில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணியே தயாராகுங்கள். கெட்டியான கம்பளிக் காலுறை ஒரு ஜோடி போதும். இரண்டு மூன்றை இறுக்கி மாட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும், காலணி வைக்க ஒரு பிளாஸ்டிக் பை, உட்கார மடக்கும் மெத்தை. தரையில் உட்கார அத்தைக்கு முடியாது என்றால் கூட்டம் சேருமுன் போய், சுவரோரமாகச் சாய்ந்து நிற்கவோ கால் தொங்கப் போட்டு உட்காரவோ முடிகிற இடத்தைப் பாருங்கள். கோயில் ஆட்களிடம் முழங்காலைக் காட்டி ‘ஹிஸா கா இதாய்’ என்று சொன்னால் போதும், உதவுவார்கள். ஒரு ஓரத்தில், மற்றவர் பார்வையை மறைக்காத இடத்தில் சிறிய மடக்கு முக்காலி போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் போட வேண்டாம்.

கைரோ என்று விற்கும் சூட்டுப் பொட்டலங்கள் அவசியம். உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூடாகும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஒட்டும் வகையை உள்ளாடைக்கு மேல் ஒட்ட வேண்டும், தோலில் படவே கூடாது. 45 டிகிரிச் சூடுகூட ஒரே இடத்தில் மணிக்கணக்காகப் பட்டால் தோல் வெந்துவிடும். அத்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பாதத்துக்கு வேண்டவே வேண்டாம். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. ஷூவுக்குள் வைக்க என்றே தனி வகை உண்டு, மற்றவர்கள் அதை வாங்குங்கள். கையில் வைத்துக்கொள்ளும் சாதாரண வகை ஷூவுக்குள் காற்று போதாமல் ஆறிப்போகும்.

புடவைதான் கட்டுவேன் என்று அத்தை சொன்னால் சண்டை போடாதீர்கள். உள்ளே வெப்ப உள்ளாடையும் கம்பளி லெக்கிங்ஸும் போடச் சொல்லி, புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். விளிம்பு பனியைத் தொட்டால் நனைந்து, கொஞ்ச நேரத்தில் விறைத்து, காலோடு உரசும். பருத்தி மட்டும் வேண்டாம், ஈரம் பட்டால் காயாது. உங்கள் ஜீன்ஸுக்கும் இதே விதி. பனிக்கட்டித் தரையில் குதிகாலை முதலில் ஊன்றாமல், முழுப் பாதத்தையும் ஒரே சமயத்தில் வைத்துச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். காலணியில் மாட்டும் முள் பட்டை அத்தைக்கு வாங்கிக் கொடுங்கள், உள்ளே நுழையுமுன் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, மகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: கூரை விளிம்புக்கு அடியில் நிற்கக் கூடாது. கோயில் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரியும். ஆளைச் சாய்த்துவிடும் எடை அது.

படம் எடுப்பதற்கு அந்த ஆண்டு என்ன விதி சொல்கிறார்களோ அதுதான் விதி. அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம், கையைத் தலைக்கு மேல் தூக்கி எடுக்க வேண்டாம். குளிரில் போன் பேட்டரி மளமளவென்று இறங்கும், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

சாப்பாடு உங்களுக்குத்தான் பெரிய வேலை. விடுதிக்கு ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் மீன் சாறு ஊற்றிய காய்கறி வரும். தாஷி என்ற அந்தச் சாறு சூப்பிலும் குழம்பிலும் ஊறுகாயிலும்கூட இருக்கும். இறைச்சி, மீன், தாஷி மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதி, முடியுமா என்று பதில் வாங்குங்கள். ஜனவரி முதல் மூன்று நாட்கள் கடைகள் பல மூடியிருக்கும். புளியோதரை, சப்பாத்தி என்று இரண்டு வேளைக்குக் கையில் எடுத்துப் போவதே நிம்மதி. சோற்றை இடித்துக் குச்சியில் சுற்றிச் சுடும் கிரிதான்போ கஸுனோவில் பிறந்தது என்பார்கள். கோழிச் சாற்றில் போடாமல் இனிப்பு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) தடவிச் சுட்டுத் தரும் வகை கிடைத்தால், மிசோவில் தாஷி இல்லை என்று கேட்டுக்கொண்டு சாப்பிடலாம். ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

அத்தையின் தயக்கத்துக்கு வருகிறேன். ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோ வழக்கத்திலும் சாவுத் தீட்டு உண்டு. நெருங்கிய உறவு இறந்தால் அதிகபட்சம் ஐம்பது நாள் கோயிலுக்குப் போகாமல் இருப்பது பொது வழக்கம், தூரத்து உறவுக்கு அதைவிடக் குறைவு. உங்கள் வீட்டுத் துக்கம் நடந்து ஜனவரி 2க்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருக்கும். ஆகவே அந்தக் கோயிலின் கணக்குப்படி தடையில்லை. ஓராண்டு எந்தக் கோயிலுக்கும் போவதில்லை என்பது உங்கள் குடும்ப வழக்கமாக இருந்தால், அதற்கு மேல் நான் சொல்ல எதுவுமில்லை. அத்தை சொல்வதே முடிவு.

சாமி கும்பிட: வாசலில் நீர்த்தொட்டி உறையாமல் இருந்தால் இடது கை, வலது கை, வாய் என்று கழுவிக்கொள்ளலாம். காணிக்கைப் பெட்டியில் நாணயம் போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். கைகூப்பிக் கும்பிட்டாலும் யாரும் தவறாக நினைக்கப்போவதில்லை.

அத்தையின் முழங்கால் அந்த வாரம் ஒத்துழைக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். விடுதியில் உங்கள் கணவரோடு அவர் இருக்கட்டும், நீங்களும் மகளும் போய் வாருங்கள். இன்னொரு விடுமுறையில் தெற்கே கியூஷூ தீவின் தகாச்சிஹோ கோயிலுக்கு அவரை அழைத்துப் போகலாம். அங்கே தினமும் இரவு எட்டு மணிக்குக் குறைந்த கட்டணத்தில் காகுரா என்ற ஷிண்டோ சடங்கு ஆட்டங்களில் நான்கை ஒரு மணி நேரத்தில் காட்டுகிறார்கள்.

திரும்பும் சீட்டையும் போகும்போதே பதிவு செய்யுங்கள். ஜனவரி 2, 3 தேதிகளில் சொந்த ஊரிலிருந்து டோக்கியோ திரும்பும் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஆட்டம் நண்பகலில் முடிந்தாலும் அடுத்த ஹனாவா ரயில் உடனே இருக்காது. மோரியோகாவில் மாலைக்குப் பிந்தைய ஹயபுசாவில் இடம் எடுங்கள். முடிந்தால் இன்னோர் இரவு யுஸேயில் தங்கி, 3ஆம் தேதி காலையில் கிளம்புங்கள்.