மண்ணியல் படிக்கலாமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். இளம் அறிவியல் வேளாண்மை நான்காம் ஆண்டு படிக்கிறேன். முதுகலையில் மண்ணியலும் வேளாண் வேதியியலும் எடுக்க விரும்புகிறேன். வீட்டில் தாத்தா, “ஏட்டி, வயக்காட்டுல நின்னா தெரியாததையா குப்பியில பாக்கப் போற?” என்று கேட்கிறார். கிராமத் தங்கல் திட்டத்தின்போது ஒரு விவசாயிக்கு அவருடைய மண் பரிசோதனைப் பரிந்துரையை விளக்கினோம். பொறுமையாகக் கேட்டவர், சிரித்துவிட்டு வழக்கம்போல ஒரு மூட்டை டி.ஏ.பி. உரம் வாங்கிக்கொண்டு போனார். அன்றுமுதல் தாத்தா சொல்வதே சரியோ என்ற ஐயம் எனக்கு. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் தாத்தா சொல்வதை நான் எளிதில் தள்ளமாட்டேன். தொளியில், அதாவது நடவுக்கு உழுத சேற்றில், கால் வைத்ததும், இங்கே சேறு ஆழம், அங்கே நாற்று வேர்பிடிக்க இரண்டு நாள் கூடுதலாகும் என்று சொல்லிவிடக்கூடியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தகவல், மண் பரிசோதனை முடிவுகளை அச்சிட்டுத் தரும் எந்த மண்வள அட்டையிலும் ஏறாது. ஆனால் அவ்வறிவு ஒரு வயலில், ஒரு வாய்க்கால் தண்ணீரில் விளைந்தது. வயல் மாறும்போது அது எந்த இடத்தில் பொய்க்கும் என்பதை அதைக்கொண்டே கண்டுபிடிக்க முடிவதில்லை. இதை எங்கள் வீட்டில் நெல்லைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

திருவைகுண்டம் அணைக்கட்டுக் கால்வாயின் கடைமடையில் எங்களுக்கு ஆறு மரக்கால் விதைப்பாடு, அதாவது ஆறு மரக்கால் நெல் விதைக்கும் அளவு நிலம், இருந்தது. கோடையில் மண்மேல் வெள்ளை பூக்கும். ஊரில் அதற்கு ஒரே பெயர், உவரு. வைத்தியமும் ஒன்றே: தண்ணீரைக் கட்டிவைத்து, உப்பு கரைந்ததும் மடையைத் திறந்து வடித்துவிடுவது. பக்கத்து வயல்காரருக்கு அது பலித்தது. என் தந்தையார் மூன்று ஆண்டுகள் அதையே செய்தார். வயல் ஆண்டுக்காண்டு கெட்டது. தண்ணீர் கலங்கலாக மேலே நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை. காய்ந்த பிறகு மண்வெட்டி துள்ளியது. கடைசியில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கார அமில நிலை (pH) 9ஐத் தாண்டியிருந்தது. கரையும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனோ குறைவாகவே இருந்தது. பக்கத்து வயல் உவர், எங்களுடையது களர்.

இவ்விரண்டுக்குமான எல்லைக்கோட்டை நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள்: மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் என்றால் உவர்; கார அமில நிலை 8.5க்கு மேலும், களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியம் 15 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் களர். அந்த எண்களுக்குப் பின்னால் நடப்பது என்ன என்பதைத்தான் என் தந்தையாருக்கு யாரும் சொல்லவில்லை. சோடியம் பற்றிய களித்துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் விலகிப் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புதான் அந்தத் துகள்களை ஓரளவுக்காவது ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறது என்பதால், சோடியத்தை அப்படியே விட்டுவிட்டு உப்பை மட்டும் நல்ல தண்ணீரால் கழுவ முயன்றால், மண் இன்னும் இறுகிப்போகிறது. ஆக, பக்கத்து வயலுக்கு மருந்தானது எங்கள் வயலுக்கு நோயை வளர்த்திருக்கிறது. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. வெளியேறிய சோடியம் சல்பேட்டாகி வடிகாலில் போகிறது. அதன் பிறகே தண்ணீர் கட்டி வடிப்பதற்குப் பொருள் உண்டு. நாங்கள் ஜிப்சம் இட்டு, வடிகாலை வெட்டி, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். இரண்டு பிசான நெல் பருவங்கள் கழிந்த பிறகுதான் வயல் வயலாக இருந்தது. காரணத்தை அறிந்து அந்த வயலைப் பார்க்கக்கூடிய ஒருவர் முதல் ஆண்டிலேயே எங்கள் வரப்பில் நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் படிப்பு அதற்குத்தான்.

துத்தநாகமும் இதே கதைதான். நடவு முடிந்து சில வாரங்களில் இலையில் துரு நிறப் புள்ளிகள் விழுந்து பயிர் குன்றி நின்றால், நம் ஊரில் முதலில் கை நீள்வது மருந்துக் கடைக்கு. வடக்கே ‘கைரா’ என்று அழைக்கப்பட்ட அந்த நோய் கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறையால் வருவது என்று 1966இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியலாளர் ஒய்.எல்.நேனே கண்டறிந்தார். தண்ணீர் நிற்கும் வயலில் காற்று நின்றுபோவதால் இரும்பு கரைகிறது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடுதலாகக் கிடைக்கிறது, துத்தநாகமோ பயிருக்கு எட்டாமல் போகிறது. நெல் அறுத்த தரிசில் உளுந்து தெளிக்கும்போது அதே மண் காற்றுப் பட்டு வேறொரு மண்ணாகிவிடுகிறது. ஒரே வயல் கார் பருவத்தில் ஒன்றாகவும் பிசானத்தில் ஒன்றாகவும் தரிசுப் பயிரில் இன்னொன்றாகவும் இருப்பதால்தான், பயிர் மேலாண்மையை விட்டுவிட்டு மண்ணை மட்டும் படிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. முதுகலையில் உழவியல் துறையின் பாடங்களையும் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிரித்துவிட்டுப் போன அந்த விவசாயிக்கு வருகிறேன். நீங்கள் அவரிடம் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து என்று வாசித்திருப்பீர்கள். அவர் கணக்கு மூட்டையிலும் மரக்காலிலும் ஓடுகிறது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கின்றன. பல ஆண்டுகளாக அதையே இட்டுவந்த வயலில் மணிச்சத்து சேர்ந்து கிடக்கிறது. ஆகவே இந்தப் பூவுக்கு (போகத்துக்கு) அரை மூட்டை போதும், மிச்சப் பணத்துக்குப் பொட்டாஷ் வாங்கலாம் என்று அவருடைய பரிந்துரையிலுள்ள எண்களை மூட்டைக் கணக்காக்கிச் சொல்லியிருந்தால் சிரித்திருக்கமாட்டார். மொழிபெயர்க்கும் வேலை உங்களுடையது, அவருடையதன்று.

அவர் சிரிப்புக்கு இன்னொரு நியாயமும் இருக்கலாம். ஒருமுறை ஒரு பரிசோதனை நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்த முடிவுகளில், ஆற்றங்கரை வண்டலுக்கும் மேட்டுச் செவல் (செம்மண்) நிலத்துக்கும் அச்சு மாறாமல் ஒரே எண்கள் இருந்தன. யாரோ வயலுக்கே போகாமல் ஒரே இடத்தில் மண் அள்ளியிருக்கிறார்கள். ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மேல்மண் ஏறத்தாழ 900 டன் எடை இருக்கும். அத்தனைக்கும் சாட்சி சொல்ல ஆய்வகத்துக்குப் போவது அரைக் கிலோ. அதிலும் குடுவைக்குள் இறங்குவது சில கிராம். அந்த அரைக் கிலோவைச் சேகரிப்பதில் நேர்மை இல்லையென்றால், கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தும் பயனில்லை. மண்வள அட்டையில் 12 கூறுகள் அச்சிடப்படுகின்றன. மண் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள் என்பேன்.

படிக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. 1984இல் தொடங்கப்பட்ட கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியென்றால், மண்ணியல் மாணவிக்கு அதைவிட வாய்ப்பான இடம் குறைவு. மேற்கே உங்கள் அம்பையில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; நம் வீடுகளில் சோறாகும் அம்பை 16 நெல் ரகம் அங்கிருந்து வந்ததுதான். வடக்கே 1901இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து, மழையில் உப்பி மூடிக்கொள்ளும் கரிசலில் நிற்கிறது. தெற்கே சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் போனால், பெய்த மழையை நொடியில் குடித்துவிடும் செந்நிறத் தேரி மணல். ஒரு நாளில் மூன்றையும் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடலாம். தேர்வாணைய வேளாண் அலுவலர் பணி, வங்கி வேலை, உர நிறுவனங்கள் என்று பிழைப்புக்கு வழி இருக்கிறது. அது உங்களுக்கே தெரியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தாத்தாவை முன்னே நடக்கவிட்டு, வயலில் எந்தெந்தத் துண்டு எப்படியென்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மோசம் என்று காட்டும் துண்டைத் தனியாகவும், மீதி வயலைத் தனியாகவும் மண் எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் குழி வெட்டிச் சுவரோரம் சீவி எடுத்தால் போதும். அள்ளிய மண்ணைப் பிளாஸ்டிக் வாளியில் கலந்துகொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் தகர வாளி வேண்டாம். அதன் பூச்சே துத்தநாகம்.