ரிப்போர்ட் நார்மல்

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார்கள். உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை. ஆனால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் நார்மல். அழற்சியே இல்லாமல் இவ்வளவு வலி எப்படி? மிகைப்படுத்துகிறாரோ என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். மஞ்சள் சாப்பிட்டால், கோதுமையை நிறுத்தினால் குறையுமா?
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மஞ்சள் குழம்பில் போடுகிற அளவு போதும். கோதுமை ஒத்துக்கொள்கிறதென்றால் அவருடைய சப்பாத்தியைப் பிடுங்காதீர்கள்.

என்னை உறுத்தியது அந்த 'மிகைப்படுத்துகிறாரோ'தான். என் சித்திக்கும் இப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் சித்தப்பா ரிப்போர்ட்டை எல்லார் முன்னாலும் படிப்பார், "எல்லாம் நார்மல்" என்று. ஒரு கட்டத்தில் சித்தி வலிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டார், நாங்களும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். இதே கொடுமையை உங்கள் வீட்டிலும் செய்யாதீர்கள்.

முடக்குவாதத்தில் மூட்டு வீங்குகிறதே, அந்த மாதிரி அழற்சி இருந்தால் ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் பெரும்பாலும் ஏறும். 1904இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த வலியையும் நார்த்திசுவின் அழற்சி என்றுதான் எழுதினார். பிறகு தசையை எடுத்துச் சோதித்தவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டீராய்டு பலன் தராததும் அதனால்தான். முதுகுத் தண்டுவடமும் மூளையும் சாதாரணத் தொடுகையைக்கூட வலியாகப் பெருக்கிவிடுகின்றன. மிகைப்படுத்துவது நரம்பு மண்டலம், உங்கள் அம்மா இல்லை.

அதற்காக அழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2019இல் வெளியான ஆய்வில், ஸ்டாக்ஹோமிலும் பாஸ்டனிலும் நோயாளிகளின் மூளையை பெட் ஸ்கேன் செய்தபோது, நரம்பணுக்களைச் சுற்றியுள்ள கிளியா செல்கள் தூண்டப்பட்டிருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. மூளைக்குள் அழற்சி இருக்கலாம் என்பதற்கான குறி அது, கையில் எடுக்கும் ரத்தத்தில் தெரியாது. 2021இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை (நோய் எதிர்ப்புப் புரதங்களை) எலிகளுக்குச் செலுத்தினார்கள். லேசாக அழுத்தினாலே அவற்றுக்கு வலித்தது, குளிர் தாங்கவில்லை, கால்களின் பிடிமானம் தளர்ந்தது. ஆரோக்கியமானவர்களின் ஆன்டிபாடியைச் செலுத்திய எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுதான் காரணம் என்று முடிவு கட்டும் கட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் அந்த எலிகளுக்கு மருமகள் பிரச்சினையோ மனக்கவலையோ கிடையாது என்பதை உங்கள் வீட்டில் இப்படிப் பேசுகிறவர்களிடம் சொல்லுங்கள்.

சரி, செய்ய வேண்டியது. கடையில் நீங்களாக டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள், இந்த வலிக்கு அது பெரிதாக உதவாது, வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் கெடுக்கும். மெதுவாக நடக்க வையுங்கள், பத்து நிமிடத்தில் தொடங்கினால் போதும், முதல் சில வாரங்களில் வலி கூடினால் பயந்து நிறுத்திவிடாமல் நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைப் பற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். அங்கே போகும்போது ஃபைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்று நீங்களே பேசாதீர்கள், அம்மா பேசட்டும்.