வாசகர் கேள்வி–பதில்: ஒரே கால்வாய், மூன்று தொகை

கேள்வி: அப்பா பொதுப்பணித் துறையில் இருந்தவர். அவர் சேர்த்து வைத்த பழைய கால்வாய் அறிக்கைகளின் நகல்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கர்நூல்–கடப்பா கால்வாய்க்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு செலவு போட்டிருக்கிறது. தில்லுமுல்லா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் வருடத்தைப் பாருங்கள். அரசின் கணக்கு வருடம் முன்பு ஏப்ரல் 30-இல் முடிந்தது, 1867-இல்தான் மார்ச் 31-க்கு மாற்றினார்கள், அதனால் 1866-67 என்று போட்டிருக்கிற வருடத்தில் பதினோரு மாதம்தான் இருக்கும். தண்ணீர்த் தீர்வையோ வருவாய்த் துறை வசூல், அது பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கு, ஜூலையில் தொடங்கும் (பசலி 1300 என்றால் 1890-91). செலவு ஒரு வருடக் கணக்கில், வரவு இன்னொரு வருடக் கணக்கில். அப்புறம் ரூபாயா பவுண்டா என்று பாருங்கள். வெள்ளி விலை சரிந்து ரூபாயின் மதிப்பு இறங்கிய பிறகும் பல அறிக்கைகளில் 10 ரூபாய்க்கு ஒரு பவுண்டு என்றே கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருக்கிறார்கள். 'ஆர்எக்ஸ்' (Rx) என்ற குறி கண்ணில் பட்டால் பத்து பத்து ரூபாயாக எண்ணியிருக்கிறார்கள் என்று பொருள்.

இதெல்லாம் சரிசெய்தும் தொகை ஒட்டவில்லையா? எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மண் வெட்டி, கல் கட்டிய செலவு மட்டும் ஒரு தொகை. என்ஜினீயர், ஓவர்சியர் சம்பளமும் தளவாடமும் சேர்ந்தால் இன்னொன்று. பென்ஷன் பங்கு, வட்டி என்று ஏற்றிக்கொண்டே போனால் வேறொன்று. மூன்றும் நிஜம்தான், எது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதுதான் விஷயம்.

நீங்கள் சொல்கிற கால்வாயில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை வெட்டியது அரசு இல்லை, 1858-இல் தொடங்கிய மெட்ராஸ் இரிகேஷன் அண்ட் கெனால் கம்பெனி. 10 லட்சம் பவுண்டு மூலதனம், கால்வாய் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் 5 சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம். அந்தப் பணம் போதாமல் 1866-இல் அரசு இன்னும் 6 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, கடைசியில் 1882-இல் கால்வாயையே வாங்கிக்கொண்டது. ஆக கம்பெனி செலவழித்தது ஒன்று, அரசு கட்டிய வட்டி ஒன்று, வாங்கிய விலை ஒன்று. வட்டி எப்படியும் வந்துவிடும் என்றால் எவன் சிக்கனம் பார்ப்பான்? என்னைக் கேட்டால் தில்லுமுல்லு என்று தேட வேண்டிய இடம் கணக்குப் புத்தகம் இல்லை, அந்த உத்தரவாதம்தான்.

கேள்வி: அந்தக் காலத்தில் தணிக்கையெல்லாம் இருந்ததா?
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: இருந்தது. முதல் ஆடிட்டர் ஜெனரலாக டிரம்மண்ட் பொறுப்பேற்றது 1860-இல், வைஸ்ராய் கவுன்சிலின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவின் முதல் பட்ஜெட் போட்ட அதே வருடம். அனுமதி இருக்கிறதா, பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா, பில்லுக்கு வவுச்சர் உண்டா, இவைதான் கேள்விகள். மேஜையில் உட்கார்ந்திருக்கும் தணிக்கையாளருக்கு எம்-புக்கில் (வேலை அளவுகளைக் குறிக்கும் புத்தகம்) எழுதிய அளவுதான் தெரியும், வெட்டிய மண் தெரியாது. மஸ்டர் ரோலில் (கூலியாட்களின் வருகைப் பதிவு) வராத ஆளை வந்ததாக எழுதினால் காகிதத்தில் எல்லாம் சுத்தமாகவே இருக்கும். அதனால் தணிக்கைத் தடை (தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம்) இல்லாத வேலை ஒழுங்கான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். திருத்திய எஸ்டிமேட் கிடைத்தால் விடாதீர்கள், செலவு ஏன் கூடியது என்று அதில்தான் விளக்கியாக வேண்டும்.

கேள்வி: பென்னிகுயிக் சொத்தை விற்றுத்தான் பெரியாறு அணையைக் கட்டினார் என்று பெரியகுளம் பக்கம் சொல்கிறார்களே, கணக்கில் இருக்கிறதா?
– ஒரு வாசகர், பண்ணைக்காடு

பதில்: அவர் மேல் அந்த மக்களுக்கு இருக்கிற பாசம் வேறு, கணக்கு வேறு. 1887-இல் தொடங்கி 1895-இல் திறந்த அந்த அணை அரசுத் திட்டம், எஸ்டிமேட் போட்டு அனுமதி வாங்கி அரசு பணத்தில் கட்டியது. தனி ஆள் பணம் போட்டிருந்தால் வரவுப் பக்கத்தில் நன்கொடையாக ஏறியிருக்க வேண்டும், அங்கே தேடிப் பாருங்கள். அணைக்கு எடுத்த நிலத்துக்காகத் திருவிதாங்கூருக்கு 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் வீதம் வருடம் 40,000 ரூபாய் குத்தகை போனதே, அது வருடாந்தரச் செலவு, அணை கட்டிய தொகையோடு கூட்டிவிடாதீர்கள்.

சொந்தப் பணம் போட்டவர் வேண்டுமென்றால் கொடைக்கானல் ஏரியை 1863-இல் உருவாக்கிய மதுரை கலெக்டர் லெவிஞ்ச் இருக்கிறார்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதாக இருந்தால் அரசாணை எண்ணும் தேதியும் குறித்துக்கொண்டு போங்கள். 1850-களுக்கு முந்தைய பாசனச் செலவு என்றால் வருவாய் வாரியத் தொகுதிகளைக் கேளுங்கள், பொதுப்பணித் துறைத் தொகுதிகளில் கிடைக்காது.