ஒத்திகை இல்லாத கச்சேரி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 'தி கான்சர்ட்' (2009) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். பார்க்காதவர்களுக்காகக் கதை: மாஸ்கோ போல்ஷாய் அரங்கின் இசைக்குழுவை நடத்தியவர், யூதக் கலைஞர்களை வெளியேற்ற மறுத்ததால் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் காலத்தில் வேலையை இழந்து, முப்பது வருடம் கழித்து அதே அரங்கில் தரை துடைத்துக்கொண்டிருக்கிறார். பாரிஸிலிருந்து கச்சேரிக்கு அழைத்து ஒரு ஃபேக்ஸ் வருகிறது. அதைச் சுட்டுக்கொண்டு, பழைய சகாக்களைத் திரட்டி, நாங்கள்தான் போல்ஷாய் என்று கிளம்பிவிடுகிறார்.

கடைசிக் காட்சியில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். கீபோர்டு கற்றுக்கொள்ளும் என் மகனோ, 'ஒத்திகையே பார்க்காம எப்படிம்மா வாசிப்பாங்க' என்று சிரிக்கிறான். யார் சரி? (வாசகி, மயிலாப்பூர்)

மயிலாப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே அம்மா! உங்கள் தெருக்கோடி சபாவில் என்ன நடக்கிறது? பாடகர், வயலின், மிருதங்கம் மூவரும் பல நேரம் மேடைக்குப் பின்னால் காபி குடிக்கும்போதுதான் சந்தித்துக்கொள்கிறார்கள். பாடகர் எந்த ராகத்தை எடுக்கப் போகிறார் என்பது வயலின்காரருக்கு முதல் இரண்டு பிடியில்தான் தெரியும். அதனால்தான் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி அவ்வளவு பெரிய பொய்யாகத் தெரிவதில்லை.

ஆனால் உங்கள் மகன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நம் கச்சேரியில் மேடையில் ஐந்து பேர் இருந்தால் அதிகம், பாதிக்கு மேல் அங்கேயே பிறக்கிற இசை. அங்கே ஐம்பது அறுபது பேர், ஒவ்வொருவர் முன்னாலும் எழுதி வைத்த தாள், எந்த வில் எப்போது மேலே போகும், கீழே வரும் என்பதுவரை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். முப்பது வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் செலோவை (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? கந்தரகோளம்தான். படமும் அதை மறைக்கவில்லை, ஆரம்பத்தில் அபஸ்வரமாகத்தான் வாசிக்கிறார்கள், அரங்கில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அப்புறம் அவர்களோடு வாசிக்க வந்த பாரிஸ் பெண்ணின் வயலின் தனியாக நுழைகிறது. ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி அவளைப் பார்க்கிறார்கள், அவளைக் கேட்க ஆரம்பிக்கிறார்கள், கேட்கக் கேட்க வாசிப்பு சேர்ந்துகொள்கிறது. நம் பக்கவாத்தியக்காரர்கள் தினமும் செய்கிற வேலை அதுதான். உங்களை அழ வைத்தது அதுவாக இருக்கலாம். மகனிடம் சொல்லுங்கள்.

அந்த நடிகை நிஜமாகவே வாசிக்கிறாரா? (வாசகர், குரோம்பேட்டை)

இல்லை. மெலானி லோரான் கையும் தோளும் பழகிக்கொண்டார், ஒலி சாரா நெம்தானு என்ற வயலின் கலைஞருடையது. 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) சிவாஜி கன்னம் உப்ப ஊதினார், உள்ளே கேட்டது மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். அதற்காக யாராவது டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்களா?

எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். எனக்குப் பாதிப் படம் எரிச்சலாக இருந்தது. ரஷ்யன் என்றால் குடிகாரன், யூதன் என்றால் வியாபாரி, ஜிப்சி என்றால் போலி பாஸ்போர்ட். (வாசகர், அண்ணா நகர்)

உங்கள் கட்சிதான் நான். யூதக் கலைஞர்களுக்காக வேலையை இழந்தவரின் கதையில், அந்தக் குழுவில் இருக்கும் யூதத் தந்தையும் மகனும் பாரிஸில் இறங்கியதும் கேவியர் (மீன் முட்டை) விற்கக் கிளம்புவதை எப்படிச் சிரித்து ரசிப்பது? இயக்குநர் ராது மிஹைலேனு ருமேனியாவில் பிறந்த யூதர்தான், வீட்டு ஆள் வீட்டைக் கிண்டல் செய்கிறார் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. நம் படங்களில் சேட்டுக் கடைக்காரர் ஒரே மாதிரி 'நம்பள் நிம்பள்' என்று பேசியே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது, அந்த ரகம். நடுவில் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வரலாம், கடைசி இருபது நிமிஷத்துக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசியில் வாசிப்பது சாய்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோ என்கிறார்கள். அந்தக் காலத்திலும் அதற்கு இப்படித்தான் வரவேற்பா? (வாசகி, பெரம்பூர்)

எங்கே! கான்செர்ட்டோ என்றால் தனி வாத்தியமும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற நீண்ட உருப்படி. ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இதை 1878இல் எழுதி, லியோபோல்ட் ஆவர் என்ற பெரிய வித்வானுக்குச் சமர்ப்பணம் செய்தார். அவர் வாசிக்க முன்வரவில்லை. 1881 டிசம்பரில்தான் வியன்னாவில் அடால்ஃப் பிராட்ஸ்கி அரங்கேற்றினார். எட்வர்ட் ஹான்ஸ்லிக் என்ற விமர்சகர், காதால் முகரக்கூடிய நாற்றம் என்கிற தோரணையில் எழுதித் தள்ளினார். நம் ஊர் டிசம்பர் விமர்சகர்கள் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். பிற்பாடு ஆவரே அதை வாசித்தார் என்பது வேறு விஷயம்.

முழுதாக வாசித்தால் அரை மணிக்கு மேல் போகும், படத்தில் வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள். நான் பெரியப்பாவோடு பார்த்தேன், வருஷக்கணக்காக சபா சபாவாக அலைந்தவர். வயலின் பிரதான மெட்டைப் பிடித்ததும் என் முழங்கையை இடித்து, "சங்கராபரணம்தானேடா?" என்றார். ஸ்வரஸ்தானம் அதேதான், அவர்கள் பெயரில் டி மேஜர். தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஆதார சுருதியே வேறு இடத்துக்கு நகர்ந்தது, பெரியப்பாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "என்னடா, ஆளுக்கொரு வீட்டுக்குப் போறாங்க?" என்று கேட்டார். முடிந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

மேற்கத்தியக் கச்சேரியில் நடுவில் கைதட்டக் கூடாதாமே? (வாசகர், திருவான்மியூர்)

ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் இடைவெளியில் தட்டக் கூடாது என்பது இன்றைய வழக்கம். இதே கான்செர்ட்டோவின் முதல் பகுதி அவ்வளவு ஆர்ப்பாட்டமாக முடிவதால் அங்கேயும் பல பேர் தட்டிவிடுவார்கள். நீங்கள் தட்டினால் யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். 'பலே' மட்டும் வேண்டாம்.

நம் சென்னை சபாக்களை வைத்து இப்படி ஒரு சிரிப்புப் படம் எடுத்தால் முதல் காட்சி என்ன? (வாசகி, மேற்கு மாம்பலம்)

தனி ஆவர்த்தனம். மிருதங்கக்காரர் முதல் சொல்லைத் தட்டியதும் பாதி அரங்கு எழுந்து கேன்டீனுக்கு நடக்கிறது, பட்டுப்புடவைச் சரசரப்பில் அவர் வாசிப்பதே கேட்கவில்லை. கேமரா கூட்டத்தோடு வெளியே போகக் கூடாது, மேடையிலேயே இருக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் கதவு தெரியும், கதவருகே ஒரு கிழவர் கையில் கீரை வடையோடு, கடிக்க மறந்து, மறு கை விரல்களை எண்ணிக்கொண்டு நிற்பார்.